படகைத் தொட்டால் போதும்

இரண்டாம் நாள் காலையிலேயே தையல்காரருக்கு ஞானம் பிறந்துவிட்டது. நான்கு நாள் கடலில் நீந்துவது மனிதன் செய்கிற வேலை இல்லை. மீன் செய்கிற வேலை. மீன்கூட நடுவில் லீவு கேட்கும்.

எல்லாம் ரோஷத்தால் வந்த வினை. சாப்பாட்டு மேசையில் மனைவியின் தம்பி, "அத்தான், உங்க தொப்பைக்கு உங்க டேப்பே பத்தாது போலிருக்கே" என்றான். இவர் சோற்றுக் கையோடு எழுந்து கடல் நீச்சல் போட்டிக்குப் பெயர் கொடுத்தார். குளத்தில் நன்றாக நீந்துகிறவர்தான். ஆனால் குளத்துக்குக் கரை தெரியும்.

ஆளுக்கொரு மாற்று ஆள் வேண்டும் என்பது போட்டி விதி. "நானே இருக்கேன். அத்தான் விட்டா நான் குதிச்சு முடிச்சுத் தரேன்" என்று அக்கா முன்னால் மார்தட்டினான் மைத்துனன். இப்போது மிதவைச் சட்டைக்குள் பொதிந்து, கூட வரும் படகில் நடுவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

முடியவில்லை என்று சொன்னால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான். மானம் கப்பலேறிவிடும். ஆனால் நீந்துகிறவர் கை படகில் பட்டால் நடுவர் விசில் ஊதி வெளியேற்றிவிடுவார். தவறுதலாகப் பட்டது என்று கௌரவமாக வீட்டுக்குப் போகலாம்.

தையல்காரர் படகை நெருங்கி, விளிம்பைப் பிடித்தார்.

"சார், வெயில்!" என்று மைத்துனன் நடுவர் தலையில் துண்டைப் போர்த்தினான். நடுவர் துண்டை விட்டு வெளியே வருவதற்குள் அலை கையைப் பிரித்துவிட்டது.

மறுநாள் தையல்காரர் மறைக்க இடம் கொடுக்காமல் நேராகப் படகை நோக்கி வந்தார்.

"அண்ணே, எடுங்க வண்டிய!" மைத்துனன் படகோட்டியின் தோளை உலுக்கினான். படகு பறந்தது. தொட்டே தீருவது என்று தையல்காரர் துரத்தினார். துரத்திய வேகத்தில் மூன்று பேரை முந்திவிட்டார்.

அன்று மாலை, இரவுத் தங்கலுக்கு வழியில் கரை ஒதுங்கியதும், மனைவி போனில் தழுதழுத்தாள். "நாளைக்கு நம்ம தெருவே கரைக்கு வருதுங்க. உங்க கடைக்குக்கூடப் பூட்டு போட்டாச்சு."

கடைசி நாள், கரை கண்ணுக்குத் தெரியும்போது, கைகள் செத்துவிட்டன. வெட்கத்தை விட்டுக் கத்தினார். "மாப்ள, கால் இழுக்குதுடா! கையக் குடு!"

மைத்துனன் முகம் வெளிறியது. "அத்தான், பின்னாடி பாக்காதீங்க! கறுப்பா, பெருசா ஏதோ வருது!"

தையல்காரர் பார்க்கவில்லை. இழுத்த காலும் சேர்ந்து உதைத்தது. கரையில் ஏறி, மணலில் பத்தடி தூரம் நீந்திய பிறகுதான் நின்றார். பின்னால் ஒரு பழைய டயர் மிதந்து வந்தது.

தெரு முழுக்கக் கைதட்டியது. மனைவி அழுதாள். தையல்காரருக்கு உள்ளே என்னவோ உருகிவிட்டது. இவனையா இத்தனை நாள் எதிரி என்று நினைத்தோம்? ஓடிப் போய் மைத்துனனைக் கட்டிக்கொண்டார்.

"மன்னிச்சுடுடா மாப்ள. நான் ஜெயிக்கணும்னு நீ துடிச்ச துடிப்பு, கூடப் பிறந்தவன்கூடத் துடிக்க மாட்டான்டா!"

மைத்துனன் விம்மினான்.

நான்கு நாளாக வாயே திறக்காத படகோட்டி, கயிற்றைச் சுருட்டியபடி சொன்னார்:

"துடிக்காம என்ன செய்வாரு சார்? நீங்க வெளியேறினா அடுத்து அவருல்ல குதிக்கணும்! 'அண்ணே, எனக்கு நீச்சலே தெரியாது'ன்னு முதல் நாளே என் கையப் பிடிச்சு அழுதுட்டாரு."