பாஸ்மதியில் வந்த வாக்கு

லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு டயர்க்கடை. அதன் மேல்மாடியில் சரஸ்வதி குடியிருந்தாள். சனிக்கிழமைகளில் மட்டும், பத்து மணி முதல் நான்கு மணி வரை. கார் நிறுத்த இடமில்லை.

தேவியின் சார்பில் வேலை பார்த்தவர் வாக்கம்மா. பேச முடியாதவர்களைப் பேசவைப்பார் என்றார்கள். சரியாகச் சொன்னால், எழுதவைப்பார். ஒரு பித்தளைத் தாம்பாளம். அதில் பாஸ்மதி அரிசி. தேவி சாதாரண அரிசியில் எழுதமாட்டாள். பேச்சு வராதவரின் கையை வாக்கம்மா தன் கைக்குள் பிடிப்பார். விரல் அரிசியில் ஓடும். ஒரு சொல். அரிசியைத் தடவிச் சமப்படுத்துவார். அடுத்த சொல். ஒவ்வொன்றையும் அவரே மைக்கில் வாசிப்பார்.

இதில் எவருக்கும் எதுவும் வினோதமாகப் படவில்லை. அந்த அறையில் இருந்த எல்லோரும் ஏடு தொடக்கியவர்கள். விஜயதசமி அன்று ஐயர் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதவைத்தார். பிள்ளை எழுதிவிட்டது என்று வீடே மகிழ்ந்தது. எழுதியது ஐயர் என்று அன்றும் எவரும் சொல்லவில்லை.

வரிசை படியில் இறங்கித் தெருவுக்குப் போனது. எல்லா வயதிலும் ஆட்கள். இன்னும் ஒரு சொல்கூடப் பேசாத மூன்று வயதுப் பையன் அரிசியில், 'அப்பா, அம்மா, சண்டை பிடிக்காதீர்கள்' என்று எழுதினான். பெற்றோர் கட்டிப்பிடித்து அழுதார்கள். பென்சில் பிடிக்கத் தெரியாதவன் எழுத்துக்கூட்டியது எப்படி என்று கேட்க அவர்களுக்கு நேரமில்லை. அழுதுகொண்டிருந்தார்கள். திக்கிப் பேசும் இளைஞன் ஒருவன் வந்தான். லண்டனில் பிறந்தவன், தமிழ் வாசிக்கத் தெரியாது. அரிசியில் செந்தமிழ் வந்தது. "முற்பிறவி," என்றார் வாக்கம்மா. கீழே டயர் மாற்றும் போலந்துக்காரர் நோயுற்ற தன் தாயாரைக் கூட்டிவந்தார். அந்த அம்மையாரும் தமிழிலேயே எழுதினார். கூட்டம் சிலிர்த்தது. ஒருவர் எழுந்து தமிழின் தொன்மை பற்றிப் பேசினார்.

காணிக்கை அவரவர் விருப்பம். விருப்பம் எவ்வளவு இருக்கவேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்தது. அரிசியை வருகிறவர்களே கொண்டுவரவேண்டும். எழுதிய அரிசியைத் திரும்ப எடுக்கக்கூடாது. அடுத்த தெருவில் வாக்கம்மாவின் கணவர் பிரியாணிக் கடை வைத்திருந்தார் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றே பக்தர்கள் நம்பினார்கள்.

வாக்கம்மாவின் சொந்தப் பெயர் சிவரூபினி. முன்பு பாரிசில் புருவம் திருத்தினார். கை நடுங்காது.

பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் இருந்து தவமலர் தன் கணவர் யோகலிங்கத்தை ஒவ்வொரு சனிக்கிழமையும் கூட்டிவந்தாள். யோகலிங்கம் இருபத்தாறு வருடம் லண்டனில் பஸ் ஓட்டியவர். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம். வலது கை போனது. பேச்சும் போனது. பஸ்காரரின் 'ரைட்' என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: "றைற்."

தேத்தண்ணி வேணுமோ? றைற். வலிக்குதோ? றைற். ரீவியை நிப்பாட்டட்டோ? றைற்.

அரிசியில் அவர் நன்றாகப் பேசினார். முதல் நாளே, 'மலர், நீ என்னை நல்லாப் பார்க்கிறாய்' என்று எழுதினார். முப்பத்துநாலு வருடத்தில் அவர் அப்படிச் சொன்னதில்லை. அதனால்தான் தவமலர் அதை அற்புதம் என்று நம்பினாள்.

அற்புதம் தெரியாத ஒருத்தியும் அந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். டிலக்சனா, ஆஸ்பத்திரி அனுப்பிய ஸ்பீச் தெரபிஸ்ட். புதன்கிழமைகளில் படங்களையும் சொல் அட்டைகளையும் விரித்துவைத்து யோகலிங்கத்தின் எதிரே இருப்பாள். அவள் முதலில் எடுத்த சொல் 'இல்லை'.

"'றைற்' எண்டது சம்மதமில்லை, அன்ரி. மிஞ்சிக் கிடக்கிற சொல். எல்லாத்துக்கும் றைற் சொல்லுற மனிசனுக்கு முதல்ல ஒரு 'இல்லை' வேணும்."

ஏழு வாரம். 'இ' மட்டும் வந்தது. அதுவும் நெற்றி வியர்த்த பிறகு. எவரும் மைக்கில் அறிவிக்கவில்லை.

எட்டாவது புதன்கிழமை தவமலர் அவளை வாசலில் மறித்தாள்.

"பிள்ளை, குறை நினைக்காதேங்கோ. இனி வரவேண்டாம். அவரே சொல்லிப்போட்டார்."

"சொன்னவரோ?" டிலக்சனாவின் முகம் விரிந்தது. "என்ன சொல் வந்தது?"

"வாயால இல்லை. அரிசியில. 'தெரபி வேண்டாம், அம்மா போதும்' எண்டு."

"எந்தக் கையால?"

"வலது கையால."

டிலக்சனா உள்ளே எட்டிப் பார்த்தாள். அந்த வலது கை மடியில் கிடந்தது, யாரோ மறந்துவிட்டுப்போன கையுறை மாதிரி.

"அன்ரி, அங்கிள் வேண்டாமெண்டால் நான் போயிடுவன். லிஸ்ற்றில இருந்து பேரை எடுத்துவிடுவன். பிறகு திரும்பச் சேர்க்கிறது லேசில்லை. வேண்டாமெண்டுறது அவற்ற உரிமை. ஆனா, சொன்னது அவர்தானோ எண்டு நான் பாக்கோணும்."

"சனிக்கிழமை வாங்கோ. பாத்தால் நீங்களும் கும்பிடுவியள்."

"றைற்," என்றார் யோகலிங்கம் உள்ளிருந்து.

சனிக்கிழமை டிலக்சனா பின்வரிசையில் இருந்தாள். ஒரு மணி நேரம் பார்த்தாள். எழுத வந்தவர்கள் மேலே பார்த்தார்கள், பக்கத்தில் பார்த்தார்கள், கொட்டாவி விட்டார்கள். அரிசியைப் பார்த்தவர் வாக்கம்மா ஒருவர்தான்.

பதினொன்றரைக்கு வடை வந்தது. தவமலர் ஒரு தட்டில் இரண்டு வடை எடுத்து, கணவரின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அறைக்கு வெளியே போனாள். வாக்கம்மாவின் கண் வடைத் தட்டோடு வாசல்வரை போய்த் திரும்பியது. டிலக்சனாவும் எழுந்து போனாள்.

"அன்ரி, வடை விக்கும். நெஞ்சுக்குப் போனால் நிமோனியா. விழுங்கிறது பாக்கிறதும் என்ர வேலைதான்."

பையில் இருந்து ஒரு கஸ்ரட் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். தவமலர் தன் கையாலேயே கரண்டி கரண்டியாக ஊட்டினாள். வடையை டிலக்சனா தின்றாள். நன்றாக இருந்தது.

வெறுந்தட்டு உள்ளே திரும்பியது. யோகலிங்கத்தின் முறை வந்தது. வாக்கம்மா வலது கையைத் தூக்கித் தன் கைக்குள் வைத்தார். யோகலிங்கம் ஜன்னலுக்கு வெளியே பஸ்ஸைப் பார்த்தார்.

"ஒரு கேள்வி கேக்கலாமோ அம்மா?" டிலக்சனா எழுந்தாள்.

"கேளும் தங்கச்சி. தேவிக்குத் தெரியாதது இல்லை."

"தேவிக்கு வேண்டாம். அங்கிளுக்குத்தான். இப்ப வெளியில என்ன சாப்பிட்டவர்?"

கூட்டம் சிரித்தது. இது ஒரு கேள்வியா? விரல் ஓடியது. வாக்கம்மா மைக்கை எடுத்தார்.

"வடை. பிரசாத வடை. அமிர்தம் மாதிரி இருந்ததாம்!"

கைதட்டல். தவமலர் மட்டும் தட்டவில்லை.

"இல்லையே," என்றாள் மெதுவாக. "நான் கஸ்ரட் அல்லோ தீத்தினனான்."

வாக்கம்மா கண்ணை மூடித் திறந்தார்.

"வாய் திண்டது கஸ்ரட். ஆத்மா விரும்பினது வடை. இங்க எழுதுறது ஆத்மா."

"ஆ!" என்றது கூட்டம். நல்ல பதில். இப்படிப்பட்ட பதில்களுக்காகத்தான் சனம் வடை முடிந்த பிறகும் இருக்கிறது.

"சரி அம்மா," என்றாள் டிலக்சனா. "எழுதுறது அங்கிளின்ர ஆத்மா. நீங்கள் சும்மா கையைத் தாங்கிறியள். அப்பிடியோ?"

"அப்பிடித்தான்."

"அப்ப உங்கட கண் தேவையில்லைத்தானே? கட்டிப்போட்டு எழுதுவம்."

"தேவியைச் சோதிக்கிறது பாவம், பிள்ளை."

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பக்தர்கள் வாக்கம்மாவைக் கைவிடவில்லை. அதுதான் அவருக்கு வந்த வினை. முன்வரிசையில் இருந்த கீர்த்திகா துள்ளி எழுந்தாள். எழுதிய மூன்று வயதுப் பையனின் தாய் அவள்தான்.

"எங்கட அம்மா கண்ணைக் கட்டியும் எழுதுவா! பாருங்கோ தங்கச்சி! நான் வீடியோ எடுக்கிறன்!"

சொல்லிக்கொண்டே தன் சால்வையை வாக்கம்மாவின் கண்ணில் சுற்றினாள். மூன்று சுற்று. விசுவாசத்தில் இறுக்கிக் கட்டினாள்.

"எழுதுங்கோ அம்மா!" என்றது கூட்டம்.

முதல் கோடு நேராக வந்தது. இரண்டாவது அதை வெட்டியது. மூன்றாவது தாம்பாளத்தின் விளிம்பைத் தாண்டியது. அரிசி தரையில் கொட்டியது. விரல் நிற்கவில்லை. மேசைவிரிப்பில் எழுதிக்கொண்டே போனது. யோகலிங்கம் அடுத்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணை எவரும் கட்டவில்லை.

வாக்கம்மா சால்வையை இழுத்து எறிந்தார்.

"வாசியுங்கோ அம்மா," டிலக்சனா மைக்கை நீட்டினாள்.

வாக்கம்மா தாம்பாளத்தைப் பார்த்தார். மேசைவிரிப்பைப் பார்த்தார்.

"கோழி கிண்டின மாதிரிக் கிடக்கு," என்றது பின்வரிசை.

"இது பாஸ்மதி இல்லை!" என்றார் வாக்கம்மா. "ஆரோ கள்ள அரிசி கொண்டுவந்திட்டினம்!"

எவரும் சிரிக்கவில்லை. கீர்த்திகா கைப்பேசியைத் தாழ்த்தித் தன் பையனைப் பார்த்தாள். அவன் தரையில் இருந்து அரிசியை அள்ளி அள்ளி எறிந்துகொண்டிருந்தான். எழுதும் நோக்கம் அவனுக்கு இல்லை.

தவமலர் கணவரின் எதிரே வந்து குனிந்தாள்.

"இஞ்சாருங்கோ. முதல் நாள் எழுதினியள். 'மலர், நீ நல்லாப் பாக்கிறாய்' எண்டு. அது... நீங்கள் சொன்னதுதானே?"

யோகலிங்கம் ஜன்னலை விட்டு அவளைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. வியர்த்தது. டிலக்சனா வாய் திறக்கவில்லை. காத்திருந்தாள். அவளுடைய படிப்பில் பாதி அதுதான்.

"றை..." நிறுத்தினார். தலையை ஆட்டினார். "இ..."

பின்வரிசை எழுந்து நின்றது.

"இ... ல்லை."

தவமலரின் கண் நிறைந்தது. பிறகு அவள் சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள்.

"இதுதான் என்ர மனிசன்! வாய் திறந்தால் மறுப்புத்தான் வரும். இப்பத்தான் இவர் கதைக்கிறார்."

"றைற்," என்றார் யோகலிங்கம். இடது கையை அவள் கையின் மேல் வைத்தார். அதை எவரும் பிடித்து வைக்கவில்லை.

"அப்ப புதன்கிழமை நான் வரட்டோ?" டிலக்சனா அட்டை இரண்டை நீட்டினாள்: 'ஓம்', 'இல்லை'. இடது கை 'ஓம்' அட்டையை ஒருமுறை தட்டியது. சந்தேகம் தீரட்டும் என்று இன்னொருமுறை தட்டியது.

கீர்த்திகா பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"தங்கச்சி, மூண்டு வயசுக்காரரையும் பாப்பியளோ?"

"பாப்பினம் அக்கா. ஆனா கனநாள் எடுக்கும்."

"எவ்வளவு நாள்?"

"தெரியாது."

அந்த மாடியில் அன்றுவரை எவரும் சொல்லாத சொல் அது.

வாக்கம்மா பின்படியால் இறங்கிப் போனார். இப்போது வேறொரு ஊரில், வேறொரு கடைக்கு மேலே இருப்பதாகக் கேள்வி. அங்கே அரிசிக்குப் பதில் கடலைப்பருப்பாம். போகிறவர்கள் ஒரு சால்வை கொண்டுபோங்கள். எழுதுகிறவரின் கண்ணைக் கட்டச் சொல்லுங்கள். உங்களுக்குச் சால்வை தேவைப்படாது. நீங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் போகிறீர்கள்.