இருபத்தொன்றால் வகுக்க வேண்டும்

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் வீட்டில் இருப்பவளும் சுகம். மாமாவின் முட்டிவலி தேவலையா, தையல் கடையில் உனக்குக் கொஞ்சம் உட்கார நேரம் கிடைக்கிறதா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் எனக்கு நேர்ந்ததைச் சொல்லி முடிக்காமல் வேறு எதுவும் எழுத வராது போலிருக்கிறது. பொறுத்துக்கொள்.

எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சருக்குக் கண் ஆபரேஷன், மூன்று வாரம் லீவு. ஏழாம் வகுப்புக்கு யாரை அனுப்புவது என்று தலைமையாசிரியை ஆசிரியர் அறைக்குள் வந்து ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லோரும் சட்டென்று நோட்டுத் திருத்த ஆரம்பித்துவிட்டார்கள். நான் மட்டும் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். "உங்ககிட்டதான் ஸ்கேல், காம்பஸ் எல்லாம் இருக்கே சார்" என்றார். இருபத்திரண்டு வருடமாக ஓவியம் சொல்லிக்கொடுப்பவன் நான். பூசணிக்காய்க்கு நிழல் போடச் சொன்னால் போடுவேன். கணக்கு எனக்கு எப்படி வரும் என்று உனக்குத் தெரியும், ஏழாம் வாய்ப்பாட்டோடு என்னைக் கைகழுவியவள் நீதான்.

பாடம் சராசரி, இடைநிலை, வீச்சு. முதல் நாள் இருபத்தொரு பிள்ளைகளின் உயரத்தையும் சுவரில் கோடு போட்டு அளந்து, கூட்டி, வகுத்து, சராசரி நூற்று நாற்பத்தொரு சென்டிமீட்டர் என்று போர்டில் பெரிதாக எழுதினேன். பார்த்தால் வகுப்பில் ஒருவர்கூட நூற்று நாற்பத்தொன்று இல்லை. எப்போதும் பேசிக்கொண்டே இருப்பதால் ரேடியோ என்று பெயர் வாங்கிய பையன் எழுந்து, "சார், அப்ப அந்தச் சராசரி ஆளு இன்னைக்கு லீவா?" என்று கேட்டான். நீ இருந்திருந்தால், சராசரி அளவுக்குச் சட்டை தைத்தால் யாருக்கும் சேராது என்று ஒரே வரியில் முடித்திருப்பாய். நான் தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் இடைநிலை. உயர வரிசையில் நிற்க வைத்தால் பதினோராவது ஆள்தான் நடு ஆள், அவ்வளவுதானே என்று எழுப்பி நிறுத்தினேன், ஒரே உயரத்தில் இருந்த இரண்டு பேர் யார் பதினொன்று என்று தள்ளிக்கொண்டார்கள், வரிசை கதவைத் தாண்டி வராந்தாவுக்குப் போய்விட்டது, அந்த வழியாகத் தலைமையாசிரியை வந்தார், என்ன சத்தம் என்று கேட்டார், "மேடம், நீங்களும் நில்லுங்க, நடு ஆள் மாறுறாங்களான்னு பாக்கணும்" என்றான் ரேடியோ. அவர் நிற்கவில்லை. அன்று மாலையே ஒரு சுற்றறிக்கை வந்தது. வெள்ளிக்கிழமைத் தேர்வில் சராசரி ஐம்பதுக்குக் குறையும் வகுப்புக்கு இந்தப் பருவம் முழுக்க விளையாட்டு பீரியட் கிடையாது, அந்த நேரத்தில் கூடுதல் கணக்கு.

நான் செய்த பெரிய தப்பு புதன்கிழமை. மாதிரித் தேர்வு ஒன்று வைத்து, அந்த மார்க்குகளையே போர்டில் எழுதிச் சராசரி போடச் சொன்னேன். பெயர் எழுதவில்லை. எழுதித்தான் தெரிய வேண்டுமா? மொத்தம் ஆயிரத்து எட்டு, சராசரி நாற்பத்தெட்டு. அதிகம் தொண்ணூற்றிரண்டு, குறைவு எட்டு, வீச்சு எண்பத்து நான்கு. அந்த எட்டு யாருடையது என்று வகுப்புக்கே தெரியும். கடைசி வரிசையில் ஒரு பெண், தபால் என்று கூப்பிடுவார்கள். இன்றைக்குக் கேட்ட கேள்விக்கு நாளைக்குத்தான் அவளிடமிருந்து பதில் வரும், ஆனால் கட்டாயம் வரும். அவள் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழிப்பான் தேடிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது அக்கா, காலி இடத்தைப் பார்த்ததும் ஒரு நொடி எனக்கு அப்பாடா என்றிருந்தது. தேர்வுத்தாளைக் கொடுத்து முடித்தபோது ரேடியோ மெதுவாக வந்து ஒரு தாளை மேசையில் வைத்தான். "தபால் குடுத்துச்சு சார். டெஸ்ட் ஆரம்பிச்ச பிறகுதான் காட்டணும்னு சொல்லிச்சு." நோட்டிலிருந்து கிழித்த தாள். ஆயிரத்து எட்டை இருபத்தொன்றால் வகுத்தால் நாற்பத்தெட்டு. எட்டைக் கழித்தால் ஆயிரம், அதை இருபதால் வகுத்தால் ஐம்பது. வீச்சு எண்பத்து நான்கிலிருந்து அறுபத்தொன்பது. அடியில், "நான் வரலைன்னா எல்லாரும் விளையாடலாம் சார்."

ஒரு தப்புக்கூட இல்லை. நான் சரிபார்த்தேன், எனக்குத்தான் முதல் தடவை தப்பாக வந்தது.

பக்கத்து வகுப்பு அறிவியல் சாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மூன்று தெரு தள்ளி, சைக்கிள் கடைக்கு மேல் மாடி. அவள் அம்மா ஒரு ஓட்டலுக்குப் படுக்கை விரிப்பு தேய்த்துக் கொடுப்பவர். என்னைக் கண்டதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "வயித்து வலின்னு சொன்னா சார்" என்றார். வயிற்று வலிக்காரி விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுமுனையை நான் வாங்கிக்கொண்டேன், சும்மா நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"கணக்கு சரியா சார்?" என்றாள்.

"சரிதாம்மா. அதான் எனக்குப் பயமா இருக்கு."

ஒரு மடிப்பு மடித்தோம்.

"நான் வந்தா குறையும்ல சார்."

"குறையலாம்."

"அப்ப நான் வராததுதானே சரி?"

இதற்குப் பதில் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது அக்கா? அடுத்த மடிப்புக்காக நெருங்கி வந்தபோது எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். "வகுப்புல இருபத்தொரு பேரு. நான் இருபதால வகுத்தா அது வேற ஏதோ வகுப்போட சராசரி. நம்ம வகுப்போடது இல்ல." அவள் விரிப்பை வாங்கி அடுக்கில் வைத்தாள். பிறகு, "வீச்சு நீங்க கேக்கல. நானாத்தான் போட்டேன். அதுக்கு மார்க் உண்டா சார்?" என்றாள். அம்மா அவள் சீருடையை எடுத்துச் சூட்டோடு ஒரு தேய் தேய்த்துக் கையில் கொடுத்தார்.

அவளை அழைத்துக்கொண்டு வந்தால், வகுப்பு வாசலில் தலைமையாசிரியை நின்றிருந்தார். பரீட்சை நேரத்தில் வகுப்பை விட்டுவிட்டு எங்கே போனீர்கள், பாதி நேரம் போன பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று தெரியாதா என்று அவர் கேட்டது எல்லாமே நியாயம். அந்தத் தாளை நீட்டினேன். நின்றபடியே படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். "உக்கார வைங்க. மணியைக் கால் மணி நேரம் கழிச்சு அடிக்கச் சொல்றேன்" என்று போய்விட்டார். உள்ளே ரேடியோ நகர்ந்து இடம் விட்டு, தன்னுடைய இரண்டாவது பேனாவைத் தள்ளி வைத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை, அது அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

முடிவைக் கேள். தபாலுக்கு முப்பத்தொன்று. கடைசி இரண்டு கேள்விக்கு நேரமே இல்லை, எழுதின வரைக்கும் சரி. வகுப்பின் மொத்தம் ஆயிரத்து நாற்பத்து மூன்று. இருபத்தொன்றால் வகுத்தால் ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவு. அவள் வராமல் இருந்திருந்தால் ஐம்பதைத் தாண்டியிருக்கும். எல்லா மார்க்கையும் மொத்தத்தையும் போர்டில் எழுதினேன். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். ரேடியோ மட்டும், "சார், வீச்சு எவ்வளவு?" என்றான். தொண்ணூற்றொன்றில் முப்பத்தொன்று போனால் அறுபது. "எண்பத்து நாலு அறுபதாச்சுல்ல, பாதி ஜெயிச்சிட்டோம்" என்றான். யாரோ கை தட்டினார்கள். தபால் தலையைக் குனிந்து நோட்டில் அதையும் குறித்துக்கொண்டாள். திங்கட்கிழமை விளையாட்டு பீரியடில் அத்தனை பேரும் உள்ளே உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள், ஜன்னலுக்கு வெளியே அடுத்த வகுப்பு பந்து விளையாடிக்கொண்டிருந்தது. நான் கற்றுக்கொடுத்த பாடத்தால் பிள்ளைகளுக்குக் கிடைத்தது இதுதான் என்று நினைக்க மனசு கேட்கவில்லை.

மாமாவுக்கு என் வணக்கம். மருமகளுக்கு என் ஆசிகள், கணக்கில் சந்தேகம் வந்தால் தாய்மாமனைத் தவிர யாரிடம் வேண்டுமானாலும் கேட்கட்டும். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தம்பி.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்குள் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. இன்று காலை தபால் என் மேசைக்கு வந்து, "சார், போர்டுல இருந்த மார்க்கை நான் நாலு தடவை கூட்டிட்டேன். ஆயிரத்து ஐம்பத்து மூணுதான் வருது" என்றாள். நடுவில் ஓரிடத்தில், ஒன்றாம் இடத்திலிருந்து தூக்கி வைத்த ஒன்றை நான் கீழே இறக்கவே இல்லை. ஆயிரத்து ஐம்பத்து மூன்றை இருபத்தொன்றால் வகுத்தால் ஐம்பதும் சொச்சமும். தோற்றோம் என்று மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. இருவருமாகத் தலைமையாசிரியையிடம் போனோம். அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்து, "இனிமே சார் கூட்டினதை நீ ஒரு தடவை பாத்துட்டுக் குடும்மா" என்றார். இப்போது பிள்ளைகள் மைதானத்தில் இருக்கிறார்கள். தபால் பந்தை எப்போது உதைப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள், இருபது பேரும் காத்திருக்கிறார்கள்.