ஸ்டேடியம் கடையில் ஆறு நிமிடம்

சிலருக்குப் பாட்டு வரும், சிலருக்குச் சமையல் வரும். எனக்கு ஓடிப்போவது வரும். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடியதில் ஆரம்பித்து, திருப்பூர் பனியன் கம்பெனி, பாலக்காட்டு பேக்கரி, முனம்பத்து மீன்படகு என்று நான் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிய இடங்களை வரிசையாக வைத்தால் ஒரு பேருந்துக்கு ரூட் போடலாம். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள். (யாருக்குச் சரியாகும் என்று அன்றைக்கே கேட்டிருக்கணும்.) கல்யாணமாகிக் குடியேறிய மட்டாஞ்சேரியில் ஒருமுறை தக்காளி வாங்கப் போனவன் நாற்பது நாள் கழித்துத்தான் வீடு திரும்பினேன். தக்காளியோடுதான் வந்தேன். அதை என் மனைவி ரஹ்மத் ஒரு பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் அடுத்த முறை காணாமல் போய் வந்தபோது அறையில் பாய்கூட இல்லை. ரஹ்மத் மகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த அவள் வாப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். மகள் சஃபியாவுக்கு அப்போது ஏழு வயது.

மாமனார் நல்ல மனிதர். எல்லோரும் அவரை மாமா என்போம். மிளகு மண்டிகளுக்குப் பின்னால் உள்ள சந்தில் சாயாக்கடை வைத்திருந்தார். எர்ணாகுளத்து ஸ்டேடியத்தில் கால்பந்து நடக்கும் நாட்களில் அங்கே கேலரிக்கு அடியில் ஒரு கவுண்ட்டரும் அவருக்கு உண்டு. சாயா, முட்டை பஃப்ஸ், பாப்கார்ன், தண்ணீர். அவர் வீட்டார் மூன்று தலைமுறைக்கு முன் எங்கள் மேலப்பாளையத்துப் பக்கமிருந்து வந்தவர்கள். வீட்டில் பேச்சு தமிழ், படிப்பு மலையாளம்.

நான் போய் வாசலில் நின்றேன். மாமா உள்ளே கூப்பிடவில்லை, விரட்டவும் இல்லை.

"நோம்பு மாசம் நாளைக்குத் தொடங்குது. முப்பது நாள் என் கூட நில்லு. நோம்பு பிடி, கடையில நில்லு, எங்கயும் போகாதே. பெருநாள் அன்னிக்கு நானே ரெண்டு பேரையும் உன் முறியில, அதே அறையில, கொண்டு வந்து விடறேன். பிடிச்சோ?"

"பிடிச்சது மாமா."

"உன் வாயில இருந்து வரது எனக்கு வேண்டாம். உன் கால் எந்தா சொல்லுது, அதைக் கேட்டுச் சொல்லு."

கால் அன்றைக்குச் சரியென்றுதான் சொன்னது. முதல் நாள் நோன்பில் மதியத்துக்குள் நான் செத்துப்போய்விடுவேன் என்று நினைத்தேன். பத்தாம் நாள் பழகிவிட்டது. பதினைந்தாம் நாள் சஃபியா கடைக்கு வந்து, எனக்குக் கேட்கும்படியாக மாமாவிடம், "இவரு இன்னும் இங்கதான் இருக்காரா?" என்று கேட்டாள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். இருபத்தொன்றாம் நாளில் ரஹ்மத் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினாள். தூக்குவாளியில் இரண்டு கரண்டி அதிகமாக இருந்தது. (கரண்டியை எல்லாமா அளப்பாங்கன்னு கேட்காதீங்க. வாழ்க்கை அந்த நிலைமையில இருந்தது.)

இருபத்திரண்டாம் நாள் ஸ்டேடியத்தில் பெரிய ஆட்டம்.

அங்கே ஒரு விதி உண்டு. வாசலில் பாட்டில், டப்பா எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார்கள். உள்ளே நாங்கள் விற்கும் தண்ணீரையே மூடியைத் திறந்து காகிதக் கப்பில் ஊற்றித்தான் கொடுக்க வேண்டும். மூடியோடு பாட்டில் கையில் கிடைத்தால் அது எப்படியும் லைன்ஸ்மேன் முதுகுக்குப் போய்ச் சேரும் என்பது அனுபவம். அதனால் நோன்பு வைத்துக்கொண்டு ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர் வேண்டுமென்றால் எங்கள் மாதிரிக் கடைகள்தான் கதி. மாமா நோன்பு மாதத்தில் அவர்களுக்கு மட்டும் ஒரு பேரீச்சம்பழமும் ஒரு கப் தண்ணீரும் சும்மா கொடுப்பார். ஆட்டம் ஏழரைக்கு. ஆறரைக்கெல்லாம் மஞ்சள் சட்டை ரசிகர்கள் நூறு பேருக்கு மேல் எங்கள் கவுண்ட்டர் முன்னால் கையில் பழத்தோடு நின்றார்கள்.

நோன்பு திறக்கும் நேரம் தெரிய எல்லோரும் மாமாவின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேளமும் மைக்கும் போடுகிற சத்தத்தில் அங்கே எந்தப் பள்ளிவாசலின் பாங்கும் காதில் விழாது. அதற்கு மாமாவிடம் ஒரு ஏற்பாடு இருந்தது. மட்டாஞ்சேரியில் பாங்கு கேட்டதும் மாமி வீட்டிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். மாமா உடனே சாயா டிரம்மைக் கரண்டியால் ஒரு தட்டு தட்டுவார். அந்த டங் சத்தம்தான் எங்கள் பகுதி கேலரிக்குப் பாங்கு. கையில் போன் வைத்திருந்தவர்கள்கூட மணியைப் பார்க்க மாட்டார்கள். மாமா தட்டினால் நேரம்.

அன்றைக்குக் கூட்டம் அதிகம். போனில் சிக்னல் நிற்கவில்லை. மாமா போனைக் கவுண்ட்டர் மேல் வைத்து அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தா இவ விளிக்கல?"

அப்போதுதான் எனக்கு அந்த அறிவு வந்தது. மேலப்பாளையத்திலிருந்து என் அக்கா ஒரு நோன்பு நேர அட்டை அனுப்பியிருந்தாள். மட்டாஞ்சேரியில் நாலு பக்கமும் பாங்கு கேட்கிற இடத்தில் அட்டை எதற்கு என்று இருபத்தொரு நாளும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் வியர்வையில் ஊறிக் கிடந்தது. எடுத்து, அன்றைய தேதிக்கு விரலை ஓட்டினேன். ஆறு முப்பத்தொன்று. மணி பார்த்தேன். ஆறு முப்பத்தொன்று.

"ஆச்சு மாமா!"

"உறப்பா? நிச்சயந்தானா?"

"இதோ, அச்சடிச்சே இருக்கு."

மாமா அட்டையை வாங்கிப் பார்த்தார். மேலே கொட்டை எழுத்தில் மேலப்பாளையம் என்று ஊர்ப்பேர் போட்டிருந்தது. அவருக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. எனக்குப் படிக்கத் தெரியும். ஊருக்கு ஊர் சூரியன் வேறு நேரத்தில் மறையும் என்பதுதான் தெரியாது. (ஒன்பதாம் வகுப்புப் பாடமாக இருந்திருக்கும். நான்தான் எட்டோடு நின்னவனாச்சே.)

மாமா என் முகத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு நாள் நின்ற மருமகன். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டிரம்மை ஒரு தட்டுத் தட்டினார்.

டங்.

நூறு வாய் ஒரே நேரத்தில் திறந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் ஊற்ற ஊற்றக் கப்புகள் பறந்தன. மாமா முதலில் எனக்கு ஒரு பழம் கொடுத்துவிட்டுப் பிறகுதான் தான் வாயில் போட்டார். இருபத்திரண்டு நாளில் நான் உபயோகமாகச் செய்த முதல் காரியம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அட்டையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பால் பாக்கெட் மேல் சாத்தி வைத்தேன்.

ஆறு முப்பத்தேழுக்கு மாமாவின் போன் ஒருமுறை அடித்து நின்றது.

அவர் போனைப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ ஒருவருடைய போனில் பாங்கு பாடியது. பிறகு இன்னொன்றில், பிறகு பத்துப் பன்னிரண்டில். கவுண்ட்டர் முன்னால் மெல்லுகிற தாடைகள் ஒவ்வொன்றாக நின்றன.

"மாமா, இது எந்து பாங்காணு?" என்றான் முன்னால் நின்ற ஒருவன்.

"இதாணு பாங்கு. நேரத்தெ கேட்டது நம்மளெ மாமாண்டெ டிரம்மு" என்றார் பக்கத்தில் நின்றவர். முன்பே கேட்டது மாமாவின் டிரம்மாம்.

பின்னாலிருந்து ஒரு குரல், "ஆஃப்சைடு!" என்று கத்தியது. சிரிப்பு கேலரிவரை ஏறியது. சிலர் சிரிக்கவில்லை. வயதான ஒருவர் வாயிலிருந்த கொட்டையைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு, இனி அதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

மாமா காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறினார்.

"எண்டெ தெற்றாணு. ஆறு மினிட்டு நேரத்தெ ஆயிப்போயி. இந்நத்தெ நோம்பு பின்னே ஒரு திவசம் எல்லாரும் பிடிச்சு வீட்டணும். பொறுக்கணும்."

என் தவறு, ஆறு நிமிடம் முந்திவிட்டது, இன்றைய நோன்பை எல்லோரும் இன்னொரு நாள் பிடித்து ஈடுகட்டணும், பொறுத்துக்கணும் என்றார். அட்டை என்றோ மருமகன் என்றோ அவர் வாயில் வரவில்லை. வருஷக்கணக்காகத் தன் கரண்டிச் சத்தத்தை நம்பியவர்கள் முன்னால் அந்த மனிதர் தலையைக் குனிந்து நின்றார். இறங்கி வந்து என்னிடம், "கப்பெல்லாம் அடுக்கி வை. ஹாஃப் டைமுக்கு ஆளு வரும்" என்றார். அவ்வளவுதான்.

திட்டியிருந்தால் நின்றிருப்பேன். ஓர் அறை விட்டிருந்தால் நிச்சயம் நின்றிருப்பேன். அறை வாங்கி நின்ற பழக்கம் எனக்கு நிறைய உண்டு. இந்த மாதிரி மரியாதையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆட்டம் தொடங்கியது. குப்பைப் பை நிறைந்திருந்தது. கொட்டிவிட்டு வருகிறேன் என்று எடுத்துக்கொண்டு நடந்தேன். குப்பைத் தொட்டியைத் தாண்டினேன். வாசலையும் தாண்டினேன்.

"சேட்டா, புறத்து போயால் திரிச்சு கேறான் பற்றில்ல கேட்டோ" என்றான் காவலுக்கு நின்றவன்.

வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்களாம். எனக்கு அது சாக்காகப் போயிற்று. அடுத்த இரண்டு மாதம் அந்தக் காவலாளி மேல் பழியைப் போட்டுத்தான் வாழ்ந்தேன். ஆலுவா பேருந்து நிலையத்தில் கோயம்புத்தூர் வண்டியில் ஏறும்போது கண்டக்டர், "லக்கேஜ் உண்டோ?" என்று கையைக் காட்டிக் கேட்டபோதுதான், குப்பைப் பையை நான் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது.

ஸ்டேடியம் கடைக்கு வியாபாரமே அந்த இடைவேளைப் பதினைந்து நிமிடம்தான். ஒருவர் ஊற்ற, ஒருவர் கொடுக்க, இரண்டு பேர் இருந்தாலே மூச்சு முட்டும். நான் ஆலுவாவில் நின்றபோது மாமா தனியாக அத்தனை பேருக்கு நடுவில் நின்றிருக்கிறார். கூட்டம் நெருக்கியதில் கவுண்ட்டர் ஆடி, கொதிக்கிற சாயா டிரம் சரிந்திருக்கிறது. வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெந்துபோயிற்று. அடுத்த ஆட்டத்துக்கு அந்தக் கவுண்ட்டரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இதெல்லாம் எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை சேலம், ஓசூர், ஒரு செங்கல் சூளை. சந்துக்குள் நுழைந்தபோது மாமா இடது கையால் சாயா ஆற்றிக்கொண்டிருந்தார். பாதி வெளியே சிந்தியது.

"வந்தியா? சாயா எடுக்கட்டா?"

என்னால் அந்தக் கிளாஸைக் கையில் வாங்க முடியவில்லை. கீழே வைக்கச் சொன்னேன்.

ரஹ்மத் வாசல் நிலையில் சாய்ந்து நின்று கேட்டாள். அழவில்லை, சத்தமும் போடவில்லை.

"ஆறு நிமிஷம் உங்க தப்பு இல்ல. அது அட்டையோட தப்பு. பிறகுள்ள எட்டு மாசம் எந்த அட்டையில போட்டிருந்துச்சு?"

அந்தப் பெருநாளுக்கு என் அறைக்கு வருவதாக இருந்த இரண்டு பேரும் பிறகு எந்தப் பெருநாளுக்கும் வரவில்லை.

இப்போது நான் இடக்கொச்சியில் ஓர் ஐஸ் ஆலையில் வேலை செய்கிறேன். மூன்று வருஷமாக ஒரே இடம். (நம்ப மாட்டீங்க. முதலாளியே தினமும் காலையில நான் வந்திருக்கேனான்னு எட்டிப் பார்க்கிறார்.) நிற்கக் கற்றுக்கொண்டேன். யாருக்காகக் கற்றுக்கொண்டேனோ அவர்களுக்கு அது இனித் தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டாஞ்சேரிக்குப் போகிறேன். நாற்காலி போடுவார்கள், பலகாரம் வைப்பார்கள். விருந்தாளிக்குச் செய்வதெல்லாம் செய்வார்கள்.

சஃபியாவுக்குப் பதினொரு வயது. ஸ்டேடியம் கதையை வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவள்தான் சொல்வாள். டிரம், பழம், ஆஃப்சைடு, குப்பைப் பை என்று ஒன்று விடமாட்டாள். மாமா ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார். கை வெந்த இடம் வந்தால் மட்டும் அவள் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாவுவாள். யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை நான் கிளம்ப எழுந்தேன். செருப்பு போட்டாயிற்று.

"வாப்பா, மணி ஆயிடுச்சுன்னு யாரு சொன்னா? உங்க அட்டையா?" என்றாள். "இன்னும் ஆறு நிமிஷம் உண்டு. உட்காருங்க."

உள்ளே ரஹ்மத் சிரித்தது கேட்டது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். அவள் என் போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நிமிடங்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக எண்ணினாள். ஆறு முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இனி போகலாம்" என்றாள்.