கடலில் மிதப்பவனுக்கும் ஒரு வாக்கு

2025 ஓகஸ்ட் 2. சல்லிக் கிராமத்துக் கடற்றொழிலாளர் சங்கத்தின் தலைவர் தெரிவு இம்முறையும் காலை ஒன்பது மணிக்கே நடக்கும் என அறிவிக்கப்பட்டிருந்தது. அந்நேரம் உறுப்பினர்களில் முக்காற்பங்கினர் நடுக்கடலில் இருப்பர். கரையில் நிற்கும் சிலர் கையுயர்த்த, சிவபாதத்தாரே மீண்டும் தலைவராவார். இது பச்சை அநீதி என்று கொதித்தார் செயலாளர் கோகுலன்.

அந்தக் கதிரையில் தாமே அமரவேண்டும் என்ற ஆசை அவருக்கு. வலை அறுந்தாலும் எஞ்சின் நின்றாலும் ஊரே வாசலில் வந்து நிற்கும் கௌரவம் அல்லவா! ஆனால், பதவியை வாய்விட்டுக் கேட்பது சல்லியில் மானக்கேடு. பிறர் பெயர் சொல்லவேண்டும்; தாம் மூன்று தரம் மறுக்கவேண்டும். கடலுக்குப் போகிறவர்கள் அவர்மீது உயிரையே வைத்திருந்தார்கள். அவர்கள் வாக்களித்தால் போதும்.

அமெரிக்காவிலிருக்கும் தங்கை சிவரூபி தொலைபேசியில் வழி சொன்னாள். கொலராடோவில் வாக்குச்சீட்டு வீடு தேடி வருமாம். கோகுலன் வெற்றுச்சீட்டுகளை வீடுவீடாகக் கொடுத்தனுப்பினார். கணவன்மார் கரைசேருமுன்பே மனைவிமாரே தலைவர் பெயரெழுதி அவர்களுக்காக ஒப்பமும் இட்டுவிட்டார்கள்.

அங்கே கையொப்பத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்றாள் தங்கை. சங்கப் பதிவேட்டோடு ஒப்பிட்டதில் ஒருவருடையதும் பொருந்தவில்லை, கோகுலனுடையது உட்பட. சீட்டுகள் அனைத்தும் கிழிக்கப்பட்டன.

முன்கூட்டியே வாக்களிக்க, மீன்பெட்டியொன்றில் துளையிட்டுக் கரையில் வைத்தார். மீன் வாங்க வந்த கிண்ணியா இன்ஷாப் அதையும் லொறியில் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போய்விட்டார்.

"அண்ணை, டெக்சாஸ் விண்வெளி வீரர் மேல மிதந்துகொண்டே வாக்குப் போடுகினம்," என்றாள் சிவரூபி.

கோகுலன் துள்ளியெழுந்தார். விண்ணில் மிதப்பவனுக்கு உண்டு, கடலில் மிதப்பவனுக்கு இல்லையா? தெரிவு நாளன்று புதுப்பெட்டியோடு தாமே படகேறினார். அவரைக் கண்டதும் வள்ளங்கள் திசைக்கொன்றாய் ஓடின. அதிகாரிகள் என்று அஞ்சினார்கள் போலும் என நினைத்து, துரத்தித் துரத்தி வாக்கு வாங்கினார். முதலில் அகப்பட்டவர் யோகராசா.

கரையில் எண்ணினார்கள். எல்லாச் சீட்டிலும் சிவபாதம். கோகுலனின் பெயர் ஒன்றிலேனும் இல்லை. வென்ற சிவபாதத்தாரோ தலையில் கைவைத்து மணலில் குந்திவிட்டார்.

கோகுலன் யோகராசாவைத் தனியே அழைத்தார். "என்ர பேர் ஒருத்தருக்கும் ஞாபகம் வரயில்லையோ?"

"வராமலோ அண்ணை? கரையில நிண்டால் தலைவராக்கிப் போடுவினம் எண்டுதான் வருசா வருசம் கடலுக்கு ஓடுறனாங்கள். நீங்கள் நல்ல மனுசன், உங்களை அதில மாட்டிவிடப்படாதெண்டு எல்லாரும் சத்தியம் பண்ணினனாங்கள்."