மீண்டும் தொடங்கு

"வயரைக் கொஞ்சம் ஆட்டுங்கோ சேர். வருது, வருது… வந்திட்டுது!"

கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தின் சுவரில், புரொஜெக்டர் வெளிச்சத்தில் நீலம் விரிந்தது. நீலத்துக்குள் செம்மஞ்சள் புள்ளிகள் ஓடித் திரிந்தன. யோகநாதன் சேர் கைகளைத் தட்டித் தூசியைப் போக்கிக்கொண்டு, "இதுதான் உங்கட களப்பு. இந்தப் புள்ளியள்தான் இறால்," என்றார். சங்கத்தின் செயலாளர் கமலாசனி கதவடியில் ஈரப்பாவாடையோடு நின்றாள். அவள் வெளியே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். களப்பு அங்கேயும் இருந்தது.

இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். 'செய்து பாத்தாச்சு' இனம். ஒன்றைத் திரையில் செய்து முடித்தால் உலகத்திலும் அது முடிந்துவிட்டது என்று உளமார நம்புகிறவர்கள். கெட்டவர்கள் அல்லர். கூப்பிட்ட இடத்துக்குத் தங்கள் செலவில் பெற்றோல் அடித்துக்கொண்டு வருவார்கள், வயரும் தாங்களே கொண்டுவருவார்கள், தேத்தண்ணிக்குச் சீனி போதாவிட்டாலும் குறை சொல்லமாட்டார்கள். ஈரமாக மட்டும் மாட்டார்கள்.

யோகநாதன் சேர் முல்லைத்தீவில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறார். கமலாசனியின் மகள் யதுர்ஷிகா அவருடைய மாணவி. சேரின் ஆய்வுகூடத்து அலுமாரிக்குள் ஊசல்களும் வில்லைகளும் வந்த பெட்டியை விட்டு இன்னும் வெளியே வரவில்லை. அலுமாரியைப் பூட்டிய திறப்பு சேரின் இடுப்பில். பாடம் முழுவதும் சுவரில் நடக்கிறது, அங்கே ஊசல் ஆடுகிறது, ஒளி முறிகிறது, மின்குமிழ் எரிகிறது, கரண்ட் போகும்வரை எல்லாமே பிசகில்லாமல் நடக்கின்றன. ஒருநாள் யதுர்ஷிகா எழும்பி, "சேர், அலுமாரிக்குள்ள இருக்கிற ஊசலை ஒருக்கா ஆட்டிப் பாக்கலாமோ?" என்று கேட்டிருக்கிறாள்.

"எதுக்குப் பிள்ளை? அதில காத்துத் தடை இருக்கு. பிழையான விடை வரும்."

அவ்வளவுதான். உலகம் பிழை, சுவர் சரி.

வீட்டிலும் இதே சேர்தான். குசினிக் குழாய் ஒழுகுகிறது என்று மனைவி சொன்னதும், துளி விழும் வேகத்தைத் திரையில் வரைந்து, ஒரு ரப்பர் வாசர் போட்டால் ஒழுக்கு நின்றுவிடும் என்று ஐயத்துக்கிடமின்றி நிறுவிக் காட்டினார். நிறுவிய பிறகு வாசர் போடுவது எதற்கு? குழாய் இன்னும் ஒழுகுகிறது. மனைவி கீழே வாளி வைத்திருக்கிறார்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் கமலாசனி சேரைக் கூப்பிட்டாள். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையால் தடவி இறால் பிடித்துப் பறிக்கூடையில் போடுகிறவள் அவள். மாரி மழை இறங்கி, மணல் மூடிய களப்பின் வாய் உடைத்துக்கொண்டால், கடலிலிருந்து குஞ்சு இறால் உள்ளே ஏறும். ஏறுகிற வழியிலேயே விரல் நுழையாத சிறுகண் வலைகள் காத்திருந்தால், தை மாதத்தில் அவள் கைக்குத் தண்ணீர்தான் அகப்படும். போன தையில் அதுதான் அகப்பட்டது. ஆகவே, மாரி முடியும்வரை சிறுகண் வலை களப்பில் இறங்கக்கூடாது என்று ஒரு தீர்மானம். அதற்காக வீடு வீடாக நடந்து, ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி குடித்து, கை உயர்த்துவோம் என்று வாக்கு வாங்கியிருந்தாள். வானம் கறுத்துக் கிடந்தது. தீர்மானம் இன்றைக்கு நிறைவேறவேண்டும். வாக்குத் தந்தவர்களின் மனம் கடைசி நேரத்தில் இளகாமலிருக்க, சேர் பத்து நிமிடம் படம் காட்டினால் நல்லதென்று நினைத்தாள். அது அவள் விட்ட பிழை.

முதல் ஐந்து நிமிடம் அது பிழையாகத் தெரியவில்லை. சேர் வலைக்கண்ணைச் சிறிதாக்கினார். வலைகளின் தொகையைக் கூட்டினார். புள்ளிகள் ஐதாகின. நாலு புள்ளி, இரண்டு புள்ளி, ஒரு புள்ளி. பிறகு நீலம் மட்டும். நீலமும் சாம்பலாகி, நடுவே 'வளம் தீர்ந்தது' என்று எழுத்து வந்தது. அந்தக் கணத்தில் கேட்டிருந்தால் எல்லாக் கைகளும் உயர்ந்திருக்கும். கமலாசனி வாயைத் திறந்தாள்.

வீரகத்தி முந்திக்கொண்டார். ஊரிலுள்ள சிறுகண் வலைகளில் பாதி அவருடையவை.

"சேர், அந்த மூலையில பச்சையா ஒண்டு மினுங்குது. அது என்ன?"

"அதுவோ? 'மீண்டும் தொடங்கு' அண்ணை."

"எங்க, அமத்துங்கோ பாப்பம்."

சேர் அமத்தினார். களப்பு நீலமானது. புள்ளிகள் கொத்துக் கொத்தாக ஓடிவந்தன.

"அட! எல்லாம் திரும்பி வந்திட்டுதே!"

"அதுதான் இதின்ர சிறப்பு." சேரின் முகம் மலர்ந்தது. "எத்தினை தரமும் பிழை விடலாம். ஒண்டும் உடையாது."

பிறகு என்ன நடந்திருக்கும்? கமலாசனிக்கு முதலில் வாக்குக் கொடுத்த வினோதன்தான் முதலில் எழும்பினான். "சேர், நானும் ஒருக்கா." அவன் தீர்த்தான். பச்சையை அமத்தினான். அடுத்தவன் அதைவிட வேகமாகத் தீர்த்தான். பின்வரிசைக்காரர் முன்னுக்கு வந்தார்கள், கதிரைகள் இடறின, களப்பு வற்றுவதும் நிறைவதுமாக இருந்தது, வாழ்நாளில் ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காதவர்கள்கூட "கண்ணை இன்னும் சின்னனாக்கடா!" என்று கத்தினார்கள்.

"நான் ஒரே மூச்சில முடிச்சிட்டன், பாத்தியே!"

"வலை இறக்காத நாளுகளை முழுக்கக் கூட்டிப் பாத்தன் மச்சான். ஒரு சுவாரசியமும் இல்லை."

சேருக்குப் புல்லரித்தது. வகுப்பில் இப்படி ஒரு உற்சாகத்தை அவர் கண்டதில்லை.

"விளையாடி முடிஞ்சுதெண்டா, கையை உயர்த்துவமோ?" என்றாள் கமலாசனி.

"பொறு தங்கச்சி," என்றார் வீரகத்தி. "இதுக்குள்ள நண்டு இல்லையே. நண்டில்லாத களப்பும் ஒரு களப்போ? சேர், நண்டையும் போட்டு இன்னொருக்காக் காட்டுங்கோ. பிறகு ஆறுதலா முடிவெடுப்பம்."

கமலாசனி சேரைப் பார்த்தாள். "சேர், நீங்கள் சொல்லுங்கோ. வலையை நிப்பாட்ட வேணுமோ, வேண்டாமோ?"

ஒரு சொல் போதும். 'வேணும்.' அது சேருக்குத் தெரிந்த விடை, அவரே நிறுவியது. ஆனால் இவ்வளவு நேர்த்தியான ஒரு கேள்வியைக் கண்டால் இந்த இனத்தவருக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும்.

"அண்ணை கேட்டது நியாயம்தான். நண்டைச் சேர்க்காமல் முடிவெடுத்தா அது விஞ்ஞானமில்லை அக்கா."

வீரகத்திதான் முதலில் கை தட்டினார். சேருக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இரண்டாவது காட்சிக்கான தீர்மானமும் அப்படியே. வலை பற்றியது பிற்போடப்பட்டது.

"பாத்தீங்களே அக்கா, என்ன ஆர்வம்!" என்றார் சேர், வயரைச் சுருட்டியபடி. "எல்லாருக்கும் நல்லா விளங்கிட்டுது."

"ஓம் சேர். எப்பிடித் தீர்க்கிறதெண்டு விளங்கிட்டுது."

சேர் சிரித்தார். பகிடி என்று நினைத்துவிட்டார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கமலாசனி கேட்டபோது மனதுக்குள் உங்கள் கை உயர்ந்தது, இல்லையா? அதோடு உங்கள் பங்கு முடிந்தது என்ற ஒரு நிம்மதியும் வந்தது, இல்லையா? உங்கள் குசினிக் குழாயையும் எதற்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மறுநாள் விடிய முன் மழை பெய்தது. களப்பின் வாய் உடைத்துக்கொண்டது. வீரகத்தியின் வலைகள் காலையிலேயே இறங்கின. வினோதனுடையதும் இறங்கியது. கமலாசனி கரையிலிருந்து அதைப் பார்த்துவிட்டு முல்லைத்தீவுக்கு பஸ் ஏறினாள். திரும்பும் பஸ்ஸில், மழைக்குப் பயந்து மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவந்து, பள்ளிக்கூடம் விட்டுத் தண்ணீரூற்றுக்குப் போகும் யோகநாதன் சேர் பக்கத்துச் சீற்றில் வந்து இருந்தார்.

"அக்கா, நண்டு சேர்த்தாச்சு. நல்லா வேலை செய்யுது."

"சந்தோசம் சேர்."

"மடியில என்ன பார்சல்?"

"வலை."

"கண் எவ்வளவு?"

"சின்னன்."

சேர் தலையாட்டினார். அதையும் திரையில் போட்டுப் பார்க்கலாம் என்றார். வற்றாப்பளைச் சந்தியில் கமலாசனி இறங்கினாள்.