மாமியாருக்கு ஒரு பாட்டில்

உப்பில்லாத கஞ்சி மூன்றாவது வேளையாக இறங்கியதில் ஜெரியின் வயிறு காலி டிரம்மைப் போல் உருண்டது. பக்கத்து வீட்டில் நெத்திலி வேறு வறுபட்டுக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு மீனு, மெர்லின்."

"காமாலைக்காரனுக்கு மீனா? கீழாநெல்லியக் குடிச்சிட்டுக் குந்து. நாளைக்கு எங்கம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன். ரத்தத்துக்கு வழியப் பாருய்யா."

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஜெரிக்குத் தலைவலிகூட வந்ததில்லை. மாமியாருக்கு ஏற்றும் ஒரு பாட்டில் ரத்தத்துக்கு ஈடாக ரத்தம் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்றது ஆஸ்பத்திரி. நேற்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரத்த வங்கிக்குப் போனான். அங்கே ஏதோ ஆராய்ச்சியாம். நர்ஸ் கரோலின் விரலில் குத்திப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்பவோ ஹெபடைடிஸ் ஈ வந்து போயிருக்கு. தண்ணியால வர்ற காமாலை. ஆனா..."

அந்த 'ஆனா'வைக் கேட்க ஜெரி அங்கே இல்லை.

இப்போது கஞ்சியை வைத்துவிட்டு எழுந்தான். கூட்டாளி வல்லரசுவுக்கு பிரியாணி ஆசை காட்டி ரத்த வங்கிக்கு இழுத்துப்போனான். விரலில் குத்திப் பார்த்து, அவனுக்கும் அதே காமாலை என்றாள் கரோலின். அவள் மேற்கொண்டு வாயைத் திறப்பதற்குள் ஜெரி அவனை வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

"உன் கிளாஸ்ல டீ குடிச்சேன் பாரு, என்னைச் சொல்லணும். சரி, பிரியாணி எங்கடா?"

"காமாலைக்கு பிரியாணி ஆவாது மாமு."

வியாதியிலும் ஒரு லாபம்.

மறுநாள் காலை ஜெரி போய் மேஸ்திரி குணசேகரனின் காலில் விழுந்தான். கேன் தண்ணீர் தவிர வேறெதையும் தொடாத மகான்.

"உங்கள மாதிரி கலீஜ் தண்ணியா குடிக்கிறேன்? என் ரத்தம் கண்ணாடி மாதிரி கீதுடா."

ரத்த வங்கியில் கரோலின் குத்திப் பார்த்ததில் கண்ணாடியிலும் காமாலை தெரிந்தது.

"டேய், எனக்கும் ஒட்ட வெச்சிட்டியா! இனிமே வேலைக்கு வந்தே, காலை உடைப்பேன்!" கத்திக்கொண்டே மேஸ்திரி படியிறங்கினார்.

வேலையும் போயிற்று. ஜெரி கரோலினிடம் கையெடுத்துக் கும்பிட்டான். "சிஸ்டர், ஊர்ல ஒருத்தன்கிட்டயும் நல்ல ரத்தமே இல்லியா? எங்க அத்தைக்கு இன்னா பண்றது?"

கரோலின் ஊசியை எடுத்து வைத்தாள்.

"அவங்களுக்குக் காலையிலேயே ஏத்தியாச்சுண்ணா. அன்னிக்கு நீங்க ஓடினதுமே நான் கொடுத்துட்டேன். எனக்கும் அதே காமாலை எப்பவோ வந்து போனதுதான், ரத்தம் கொடுக்க அது தடையே இல்ல. கைய நீட்டுங்க, எனக்கு நீங்க ஒரு பாட்டில் ரத்தம் பாக்கி."