பதின்மூன்று அறைகளும் ஒரு பூ டைல்ஸும்

அன்பும் மரியாதையும் நிறைந்த சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். ஆஸ்பத்திரியில் உங்கள் முழங்காலும் கட்டுக்குள் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் கட்டோடு எழுந்து ஓடிவந்துவிடுவீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

லாட்ஜில் பதின்மூன்று அறைகளிலும் பழைய டைல்ஸைக் கழற்றியாயிற்று. அறைக்கு ஐந்துக்கு ஐந்து, மொத்தம் 325. இதில் ஒன்றுகூட மிஞ்சாமல், தன் மனைவி வாங்கிவந்த பூ டைல்ஸ் ஒன்றையும் சேர்த்து, கீழ் ஹாலில் பதிக்க வேண்டும் என்கிறார் முதலாளி. ஹாலோ பதினெட்டுக்குப் பதினெட்டு, 324தான் பிடிக்கும். பூவுக்கும் இடமில்லை, பழையதிலும் ஒன்று வெளியே நிற்கிறது. "ரெண்டும் நடக்கலேன்னா சாயங்காலம் வேற மேஸ்திரியைக் கூப்பிடுவேன்" என்றார். சித்தி கலவையைக் கிண்டியபடியே, "நான் பேசிக்கிறேன், நீ சும்மா இரு" என்றார். நான் சும்மா இருக்கவில்லை.

பதின்மூன்று சதுரங்களோடு ஒரு டைல்ஸைக் கூட்டினால் ஒரே பெரிய சதுரம் வர வேண்டும், அவ்வளவுதானே? இதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே சக்கரவாளம் என்று ஒரு வழி இருக்கிறது என்று முதலாளிக்கு விளக்கினேன். முதலில் தோராயமாக ஒரு விடை. அதில் வரும் பிசகைத் தூக்கி எறியாமல், அந்தப் பிசகால் மீதியின்றி வகுபடும்படி ஒரு பெருக்கெண்ணைத் தேடி அடுத்த விடைக்குப் போக வேண்டும். அறையின் பக்கத்துக்கு ஒரு டைல்ஸ், ஹாலின் பக்கத்துக்கு நான்கு என்றால் மூன்று குறை. ஒரு சுற்றுச் சுற்றினால் அறை இரண்டு, ஹால் ஏழு, மூன்று மிச்சம். இன்னொரு சுற்றில் அறை ஐந்து, ஹால் பதினெட்டு. ஒன்று மிச்சம், அதாவது நம் லாட்ஜ். அந்த விடையை அதனோடேயே சேர்த்துப் பெருக்கினால் மிகச்சரியாக ஒன்று குறை, பூவுக்கு இடம் வந்துவிடுகிறது. அறை 180, ஹால் 649.

"அடிக்கணக்குல சொல்லு" என்றார் முதலாளி.

"ஒரு டைல்ஸ் ரெண்டடிங்க ஐயா. ரூமு முந்நூத்தறுபது அடி."

"அந்த ரூம்ல தங்குறவன் பாத்ரூம் போக பஸ் பிடிக்கணும் பாப்பா."

இப்போது போனைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறார். வேலை கைவிட்டுப் போனால் காரணம் நான்தான். விடுமுறையில் என்னை வேலைக்கு அழைத்துப்போவதாகச் சொன்னீர்கள். அந்த வாக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரவாளத்தை மட்டும் திட்டாதீர்கள். அது சரியாகத்தான் சொன்னது.

உங்கள் முழங்கால் சீக்கிரம் மடங்க வேண்டும் என்று விரும்பும்,
அண்ணன் மகள்.

பின்குறிப்பு: முந்நூற்றறுபது அடி எவ்வளவு தூரம் என்று சித்திக்குக் காட்ட முதலாளி பின்னோக்கியே நடந்துபோய் டைல்ஸ் அடுக்கில் மோதினார். இரண்டு உடைந்தன. "உடைஞ்சது கணக்குல சேராது" என்று அவரே சொல்லிவிட்டார். மீதி 323, பூவோடு 324. மிச்சமும் இல்லை, குறையும் இல்லை. ஆகவே மேலே சொன்ன வாக்கைத் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டாம். மேல்மாடி வேலையும் நமக்கே தருகிறாராம். அங்கே எத்தனை அறைகள் என்று கேட்க நினைத்தேன். சித்தி என் வாயைப் பொத்திவிட்டார்.